மூன்று முறை பொருந்தவில்லை

புனே
8.7.2007

அன்புள்ள ஏஞ்சலின் அக்காவுக்கு,

ஸ்டீவன் எழுதுகிறேன். மூன்று வாரமாக உன் செல்போனுக்கு அடித்து அடித்து, "நீங்கள் அழைக்கும் எண் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று சொல்கிற பெண்ணோடு நல்ல பழக்கமாகிவிட்டது. அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. உனக்கு இருக்கிறது என்று தெரிகிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அதனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். கீபோர்டு தட்டிய கை, எழுத்து கோழி கிளறியது போலத்தான் வரும்.

இங்கே ஆபீஸில் பாதிப் பேர் காதில் ஒரு கருப்பு வண்டை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒருவன் நடந்தால் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லியிருப்போம். மேனேஜர் பாஸ்வேர்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். அவருடைய பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கிறது. யு.பி.எஸ். என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் காப்பாற்றும் என்று பெயர். கரண்ட் போனதை ஊருக்கே கத்திச் சொல்வதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் வேலை என்று தெரிந்தால் போதும், ஜனங்கள் வீட்டில் உள்ளதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆரம்பாக்கத்தில் கிரைண்டர் வந்தது. இங்கே ஹவுஸ் ஓனர் அம்மா டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தார். பேட்டரியைத் திருப்பிப் போட்டேன், ஒரு தட்டு டிபன் வந்தது. இரண்டு வருஷம் மண்டையை உடைத்து எழுதிய புரோகிராமுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இல்லை, கொஞ்சம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பி மில்லில் நான் வைத்த கைரேகை மெஷினை இந்த ஆலையிலும் வைக்கத்தானே அனுப்பியிருக்கிறார்கள். நம்பரைத் தட்டு, கட்டை விரலை வை, "தேங்க் யூ" என்று சொல்லிவிடும். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் அடிக்கிற வேலையெல்லாம் இனி இல்லை. ஆறு மாதத்தில் என்னை மேலே தூக்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். மாமாவிடம் சொல். மாமா மெஷினைப் பற்றி என்ன சொல்கிறார்?

உன் தம்பி
ஸ்டீவன்


ஆரம்பாக்கம்
16.7.2007

தம்பி ஸ்டீவனுக்கு,

செல்போனை நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். போனில் உன்னிடம் பேச முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வேடிக்கை சொல்லி, சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி.

மாமா மெஷினைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மெஷின்தான் அவரைப் பற்றிச் சொல்கிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை பதினோரு நாள் அவர் விரலைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. சூடான கம்பியைக் கட்டுக் கட்டாகக் கட்டுகிற கை அது. கொடுக்கிற கையுறை ஒரு வாரம் தாங்காது, அடுத்தது மாதம் பிறந்தால்தான். விரலில் ரேகை எங்கே இருக்கும்? என் கன்னத்தைத் தொட்டால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கும். உனக்கே தெரியும்.

கேட்டில் நடந்ததைக் கேள். வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸ் தணிகாசலம், "இன்னா பாக்கியராஜு, நீ நீ இல்லன்னு சொல்லுதே மிசினு" என்றாராம். மாமா, "நான்தான் சார் நானு. தெனமும் பார்த்துக்கினுதானே கீற" என்றாராம். "நான் பார்த்து இன்னா புண்ணியம், அது பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று உள்ளே அனுப்பிவிட்டார். பதினோரு நாளும் முழு ஷிப்டு வேலை வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் அவர் வரவில்லை.

இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கு ஜூன் மாதம் முடிந்தது. கம்ப்யூட்டர்படி மாமாவுக்கு நானூற்று எழுபத்திரண்டு. அந்தப் பதினோரு நாள் சேர்ந்திருந்தால் இன்றைக்கு அவர் நிரந்தரத் தொழிலாளி. இதில் மெமோ வேறு கொடுத்திருக்கிறார்கள். பதினோரு தடவை "ஆள்மாறாட்ட முயற்சி" செய்தாராம். அவர் நம்பரில் அவரே போய் நின்றது ஆள்மாறாட்டமாம்.

ஒவ்வொரு தடவையும் கணக்கு நிறைவதற்குள் இடையில் நிறுத்திவைத்து, பதினாறு வருஷமாகத் தற்காலிகமாகவே வைத்திருக்கிற மனுஷன். இதற்கு ஒரு வழி சொல்.

அக்கா
ஏஞ்சலின்


புனே
24.7.2007

அன்புள்ள அக்கா,

பதறாதே. இது சின்ன விஷயம். எந்த மெஷினும் நூற்றுக்கு இரண்டு பேரைத் தவறவிடத்தான் செய்யும். மாமாவை விரலை ஈரத் துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொல். அழுத்தி வைக்க வேண்டாம், மெதுவாக. வெயில் நேரே விழுகிற இடத்தில் மெஷின் இருந்தால் தணிகாசலத்திடம் ஒரு அட்டையை மறைப்பாக வைக்கச் சொல்லலாம்.

ஜனங்கள் மெஷினை மாமியாரைப் போல நடத்துகிறார்கள். பயந்து பயந்து தொடுகிறார்கள், பிறகு போய்க் குறை சொல்கிறார்கள். இங்கே லிப்டில் ஒருவர் மேலே போக மேல் பட்டனையும் கீழ்ப் பட்டனையும் சேர்த்தே அழுத்துகிறார். சீக்கிரம் வருமாம். பிரிண்டர் பேப்பரைக் கடித்தால் தலையில் அடிக்கிறார்கள். அது அவசரத்தை மோப்பம் பிடிக்கிற ஜாதி, மாத முதல் தேதி மட்டும்தான் கடிக்கும்.

அந்த "ஆள்மாறாட்டம்" என்கிற வார்த்தையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் அப்படித்தான் எதையாவது அச்சடிக்கும். மூன்று முறை பொருந்தாவிட்டால் வருகிற ஒரு வரி, அவ்வளவுதான். இன்றைக்கு வேலையே ஓடவில்லை. கேன்டீனுக்கும் சீட்டுக்குமாக ஏழு தடவை நடந்தேன். டீ ஒன்றுகூடக் குடிக்கவில்லை.

ஸ்டீவன்


ஆரம்பாக்கம்
2.8.2007

ஸ்டீவன்,

ஈரத் துணி, அட்டை எல்லாம் மாமா எப்போதோ செய்து பார்த்துவிட்டார். தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம்கூடத் தேய்த்தார். மெமோவுக்குப் பதில் திருப்தியாக இல்லை என்று ஜூலை 23-ம் தேதியே அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். காலையில் ஆறே காலுக்கு மற்றவர்கள் லோக்கல் யூனிட் ரயிலுக்குப் போகிறபோது இவர் தட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

சங்கத்துச் சடையப்பன் அண்ணன் திருவள்ளூர் தொழிலாளர் ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 28 விசாரணை. மெமோ பற்றிக் கேட்கப் போனபோது தணிகாசலம் அவரிடம், "அந்த வார்த்தைய நான் போடலப்பா. புரோகிராம் எழுதுன ஸ்டீவன் சார்தான் தமிழ்ல இருந்தா பயப்படுவாங்கன்னு போட்டாரு" என்று சொன்னாராம். நீ யார் தம்பி என்று தணிகாசலத்துக்குத் தெரியாது. சடையப்பன் அண்ணனுக்குத் தெரியும். அவர் என்னிடம் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கம்ப்யூட்டர் எதையாவது அச்சடிக்கும் என்று எழுதியிருந்தாய். எழுதியது நீயா? ஆமாம் அல்லது இல்லை. வேடிக்கை வேண்டாம்.

ஏஞ்சலின்


புனே
11.8.2007

அக்கா,

ஆமாம்.

இதற்கு மேல் எழுத வராமல் மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. சொல்லிவிடுகிறேன். பழைய கார்டு மெஷின் இருந்தபோது மில்லில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். ரயில் தாமதமானால் முதலில் வந்தவன் பத்துப் பேர் கார்டை அடிப்பான். தெற்கேயிருந்து வருகிற ரயில் கவரைப்பேட்டையில் சிக்னல் விழாமல் நின்ற நாளெல்லாம் மாமாதான் பத்துப் பேருக்கும் அடித்தார். வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் அதைத்தான் மேனேஜர் அறையில், பெயர் சொல்லாமல், ஒரு பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே அந்த வரியை எழுதினேன். அது ஒரு நாள் ஒரு ஆள் மேல் போய் விழும் என்று தோன்றவே இல்லை.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "இந்நிறுவனத்தில் உறவினர் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். தொழிலாளி வீட்டுப் பையனை ஆபீஸில் உட்கார வைக்க மாட்டார்கள் என்று பயம். மாமாவுக்கு அது தெரியும். கேட்டில் பார்த்தால் அவரே எனக்கு "குட்மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன்.

இப்போது மெஷினில் குற்றமில்லை என்று சொல்ல, கம்பெனி சார்பில் 28-ம் தேதி திருவள்ளூருக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். விமான டிக்கெட் வந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியவில்லை, அக்கா. ஒரு நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது, அடுத்த நேரம் வேலை போய்விடுமே என்று இருக்கிறது. நம் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஸ்டீவன்


ஆரம்பாக்கம்
30.8.2007

ஸ்டீவனுக்கு,

நீ அந்த அறையில்தான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், எங்களைப் பார்க்கவில்லை.

சென்ட்ரல் போய் ரயில் மாறி நாங்கள் வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. மெஷினை மேஜை மேல் வைத்திருந்தார்கள். அதிகாரி, "விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றார். மாமா கையை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். முதல் தடவையே "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டது.

மாமா சிரித்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தோ பாரு, எடுத்துக்கிச்சு" என்றார். இத்தனை நாள் கழித்து அது தன்னை ஒத்துக்கொண்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதிலேயே தோற்றுப்போனோம் என்று அவருக்கு விளங்கவில்லை. கம்பெனி வக்கீல், மெஷின் சரியாக இருக்கிறது, ஆள்தான் சரியில்லை என்றார். அதிகாரி உன்னைக் கேட்டார். நீ, "மெஷின் வேலை செய்கிறது சார்" என்றாய். பொய்யில்லை. ஐந்து வார்த்தைகூட இல்லை.

செப்டம்பர் 24-க்கு ஒத்திவைத்திருக்கிறார்கள், அன்றைக்கு முடித்துவிடுவார்களாம். சடையப்பன் அண்ணன் உன்னைத் திட்டினார். மாமா அவரிடம், "அவன் பேஜார்ல கீறான், உடு" என்றார். நான் விடவில்லை. ஆபீஸ் காரில் ஏறி நீ அப்படியே போனதை என்னால் விட முடியாது.

ஏஞ்சலின்


புனே
6.9.2007

அக்கா,

ஒன்பது நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை இல்லை.

மெஷின் அன்றைக்கு ஏன் எடுத்துக்கொண்டது என்று அந்த அறையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா ஐந்து வாரமாக வேலையில் இல்லை. கை ஆறிவிட்டது, ரேகை திரும்ப வந்துவிட்டது. முதலில் எல்லாருடைய ரேகையையும் நான் எப்போது பதிவு செய்தேன் தெரியுமா? பொங்கலுக்கு ஆறு நாள் மில்லை மூடித் திறந்த அன்று காலையில். வேலை ஆரம்பித்துவிட்டால் வரிசையில் நிற்க மாட்டார்கள் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு நாள் ஓய்வெடுத்த, எண்ணெய் தேய்த்துக் குளித்த கையை அதற்குக் காட்டிவிட்டு, கம்பி கட்டிய கையை அது எப்படி அறியும்? புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தேன். கம்பி கட்டுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். மாமா மட்டும் இல்லை, கம்பி கட்டுகிற பிரிவில் இன்னும் பத்தொன்பது பேருக்கு இப்படி விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் வாரக் கடைசியில்தான். ஞாயிறு லீவு கழிந்த திங்கட்கிழமை ஒருவருக்கும் விழவில்லை. பட்டியலை அச்சடித்து, பதிவு செய்த தேதியையும் எழுதி, அந்த வரியை எழுதியது நான்தான் என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரிக்கு நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. கம்பெனிக்குத் தெரியாது. 24-ம் தேதி கம்பெனி டிக்கெட்டில் வருவேன், ஆனால் கம்பெனிக்காகப் பேச மாட்டேன்.

அதிகாரி மறுபடி விரலை வைத்துப் பார்க்கச் சொன்னால்தான் பயமாக இருக்கிறது. மாமா கை இன்னும் நன்றாகத்தானே இருக்கும்.

ஸ்டீவன்


ஆரம்பாக்கம்
15.9.2007

தம்பி,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் கிளம்பி, கவரைப்பேட்டையில் பழைய இரும்பு உடைக்கிற ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கையுறை கொடுத்தார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்டி கைய நாசம் பண்ணிக்கிற" என்று கேட்டேன். "என் கையி எப்டி இருந்துச்சோ அப்டித்தானே காட்டணும்" என்கிறார். சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்ன செய்வது.

நீ 24-ம் தேதி வந்துவிடு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்கா


புனே
1.10.2007

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு உங்களோடு பேச முடியவில்லை. வெளியே வருவதற்குள் கம்பெனி ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அறைக்குள் நீ கடைசி பெஞ்சில் இருந்தாய், எல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ.

மாமா மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் பொருந்தவில்லை. என் வரியை அதிகாரி வாய்விட்டுப் படித்தார், "ஆள்மாறாட்ட முயற்சி" என்று. என் கடிதம் அவர் கையில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் மெஷின் இவரை யாரோ என்கிறது. நீங்கள் சொல்லுங்கள், இவர் யார்?" என்று கேட்டார். பாக்கியராஜ், டோக்கன் நம்பர் 1147 என்று சொல்லத்தான் எழுந்தேன். மாமாவின் கட்டை விரலில் தோல் கிழிந்து தொங்கியது. "எங்க மாமா சார். எங்க அக்கா புருஷன். பதினோரு நாளும் வேலை செஞ்சவரு இவருதான்" என்று வந்துவிட்டது. வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்காக என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று வாரம் இருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கோபம் வரவில்லை, எழுதியது பொய்தானே. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன். அடுத்து எங்கே போவது, என்ன சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருவது, ஒன்றும் பிடிபடவில்லை. மாதக் கணக்கில் மாமாவுக்கு நான் செய்ததை ஒரு நிமிஷம் எழுந்து நின்று சரிக்கட்டிவிட முடியாது என்றும் தெரிகிறது.

அக்கா, நான் வீட்டுக்கு வரலாமா?

ஸ்டீவன்


ஆரம்பாக்கம்
20.10.2007

தம்பி ஸ்டீவனுக்கு,

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. பதினோரு நாளும் சேர்த்தி. மாமா நிரந்தரம். மற்ற பத்தொன்பது பேர் நாளையும் திருத்தச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். மாமா மூன்று நாள் வேலைக்குப் போனார், நான்காம் நாள் தணிகாசலத்திடம் போய் லீவு எழுதிக் கொடுத்தார். பதினாறு வருஷத்தில் லீவு என்று எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவரை வராத நாள் எல்லாம் வராத நாள்தான்.

வரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். அந்த வரியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னா கேள்வி இது, யாரைக் கேட்டுக்கினு கீறான்" என்றார். எனக்கும் கோபம்தான். அழுதும்விட்டேன்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கொண்டுவந்து கொடுத்தவர் உன் வாசலில்தான் நிற்கிறார். அவர் கூடூரைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, வழியில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். முதலில் சோறு வாங்கிக் கொடு. திரும்பி வருவதற்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அக்கா
ஏஞ்சலின்